ஆன்லைனில் வாங்கிய ஹேசல்நட் ஜோடிக் கன்று: இரண்டரை வருடம் கழித்து எழுதுகிறேன்

நான் வாங்கிய அன்று இந்தக் கன்றுக்கு 4.3 நட்சத்திரம் இருந்தது. அந்த நட்சத்திரமெல்லாம் எப்படி வந்தது என்று இப்போது நிதானமாகப் போய்ப் படித்தால், 'பார்சல் சூப்பர்', 'சொன்ன தேதிக்கு முன்னாடியே வந்துடுச்சு', 'குச்சி பச்சையா இருக்கு' என்று எல்லாரும் பெட்டியைப் பிரித்த கையோடு எழுதியவை. காய்க்க நாலு வருடம் பிடிக்கும் செடிக்கு நாலாம் நாள் மார்க் போட்டால் அது கூரியர்காரருக்குப் போட்ட மார்க்தான். நானும் அன்றைக்கே எழுதியிருந்தால் ஐந்து கொடுத்திருப்பேன். கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், உச்சிப்புளி, மண்டபம், தொண்டி என்று நம் ராமநாதபுரம் கடற்கரையில் எங்கே இருந்தாலும் சரி, இந்தக் கன்றைக் கூடையில் போட்டு வைத்திருப்பவர்கள் காசு கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

கீழக்கரையில் ஹேசல்நட் தெரியாத பிள்ளை கிடையாது. பெயர் தெரியாது, கொட்டை தெரியும். துபாய், ஷார்ஜாவிலிருந்து யார் ஊருக்கு வந்தாலும் பெட்டியில் ஒரு அடுக்கு தங்கத்தாள் சுற்றிய உருண்டைச் சாக்லேட் இருக்கும், கடித்தால் நடுவில் முழுசாக ஒரு கொட்டை. ரொட்டியில் தடவும் நுட்டெல்லாவிலும் அதே கொட்டைதான். என் மகன் சாக்லேட்டை எல்லாம் சுரண்டித் தின்றுவிட்டுக் கொட்டையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, "உம்மா, இது எந்த மரத்துல காய்க்கும்? நம்ம கொல்லையில வைப்பமா?" என்று கேட்டான். அன்றைக்கு ராத்திரியே தேடினேன். கன்று விற்கிறார்கள்! ஷார்ஜாவில் இருக்கும் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "வச்சுத்தான் பாரேன், போனா ஆயிரத்தைந்நூறு ரூவா" என்றார். போனதும் கிட்டத்தட்ட அதுதான். ஜோடி 1,450 ரூபாய், அனுப்புகூலி 120.

விற்பனைப் பக்கத்தில் இருந்த மூன்று வாக்கியங்கள் எனக்கு இன்னும் மனப்பாடம். எல்லாத் தட்பவெப்பத்துக்கும் ஏற்றது, கடலோரப் பகுதிகளுக்கு மிகவும் ஏற்றது, மூன்றாம் ஆண்டில் காய்ப்பு. இதில் நான் விழுந்தது இரண்டாவதில். உலகத்தில் விளையும் ஹேசல்நட்டில் பாதிக்கும் மேல் துருக்கியில் விளைகிறது, அதுவும் ஒர்து, கிரேசுன், டிராப்சோன் என்று கருங்கடல் ஓரத்து ஊர்களில். அதனால் கடலோரம் என்பது சுத்தப் பொய் இல்லை. ஆனால் அது எந்தக் கடல்? அந்தக் கடலோரம் முழுக்க மலைச்சரிவு, ஆண்டு முழுவதும் ஈரம், குளிர்காலத்தில் நடுங்க வைக்கும் குளிர். கருங்கடலின் மேல்தண்ணீர் உப்புகூடப் பெருங்கடல்களின் உப்பில் ஏறக்குறைய பாதிதான். இங்கே எங்கள் வீட்டு மாடியில் காயப்போட்ட துணியைச் சாயங்காலம் எடுத்தால் கையில் பிசுபிசுவென்று ஒட்டும், ஜன்னல் கம்பி மூன்று வருடத்தில் பொரிந்து உதிரும். இரண்டும் கடலோரம்தான், சரி.

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். பேக்கிங்கில் ஒரு குறையும் இல்லை. 2023 ஜனவரியில் வந்தது. வடக்கே மலைப்பக்கத்திலிருந்து ஆறு நாள் பயணம். வேரைத் தென்னைநார்க் கழிவில் பொதிந்து, ஈரம் போகாமல் பிளாஸ்டிக் சுற்றி, குச்சி உடையாமல் மூங்கில் தப்பை கட்டி அனுப்பியிருந்தார்கள். இலையே இல்லாத இரண்டு குச்சிகள், ஒவ்வொன்றும் இரண்டடி இருக்கும். குளிர் நாட்டுச் செடிகளை உறக்கத்தில் இருக்கும்போது இப்படித்தான் இலையில்லாமல் அனுப்புவார்கள், அதில் தப்பில்லை. தப்பு என்னவென்றால், இலை இல்லாத குச்சியைப் பார்த்து அது என்ன செடி என்று என்னைப் போன்ற ஒருத்தி சொல்லவே முடியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

எதற்கு ஜோடி என்று கேட்பீர்கள். ஹேசல்நட் தன் பூந்தாதைத் தானே ஏற்காது. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிற இரண்டு வேறு ரகங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும், 50 அடிக்குள் இருந்தால் நல்லது. ஆண்பூ சரம் சரமாகத் தொங்கும், பெண்பூ மொட்டின் நுனியில் நாலைந்து சிவப்பு நூல் எட்டிப் பார்ப்பது போல இருக்கும், அவ்வளவு சிறிசு. இதெல்லாம் நடப்பது கடுங்குளிரில். தேனீ, வண்டு எதுவும் இல்லாத நேரத்தில் காற்றுதான் தாதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதைவிட விசித்திரம், தாது போய் ஒட்டிய பிறகும் கரு உண்டாக நாலைந்து மாதம் ஆகும். ஜனவரி, பிப்ரவரியில் சேர்ந்தது கோடை தொடங்கும்போதுதான் கருவாகி, செப்டம்பர், அக்டோபரில் கொட்டையாகத் தானே கீழே உதிரும். இதை ஒரு ராத்திரி படித்துவிட்டு என் உம்மாவிடம் சொன்னபோது, "அதுக்கு இருக்குற பொறும ஒனக்கு இல்லையே" என்றார்கள். நியாயம்தான்.

நடுவதில் நான் குறை வைக்கவில்லை. எங்கள் கொல்லை மணல்தான், தோண்டினால் சிப்பியும் பவளக்கல் துண்டும் வரும். இரண்டடிக்கு இரண்டடி குழி, வெளியிலிருந்து வாங்கிய செம்மண் நாலு மூட்டை, ஆட்டுப்புழுக்கை, காய்ந்த இலை. கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு, அதனால் குடத்துக்கு 12 ரூபாய் கொடுத்து வாங்கும் நல்ல தண்ணீரில் தினமும் அரைக் குடம் செடிக்கு. ஆமாம், குடிக்கிற தண்ணீர். இந்த ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அது எவ்வளவு வெட்கமான செலவு என்று புரியும். வண்டிக்காரரிடம் ஒரு குடம் கூடுதலாகக் கேட்டபோது வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்களா என்று விசாரித்தார். வந்திருக்கிறார்கள் என்றேன்.

பத்தே நாளில் இரண்டும் துளிர்த்தன. நான் அடைந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது, வீட்டுக்காரருக்கு ஒரு நாளைக்கு மூன்று போட்டோ போகும். இப்போது காரணம் தெரிகிறது. முதல் குச்சிக்கு வேண்டிய குளிரை அது பிறந்த ஊரிலேயே வாங்கிக்கொண்டு வந்திருந்தது, இங்கே வெப்பம் பட்டதும் திறந்துகொண்டது, அவ்வளவுதான். கட்டிக்கொண்டு வந்த சோறு இருக்கும்வரைதான் அந்தப் பயணம்.

முதல் கன்றின் இலை அழகு. வட்டமாக, ஓரம் ரம்பம் போல, தொட்டால் பூனைக்குட்டிக் காது மாதிரி மெத்தென்று. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்து வில்லமெட் பள்ளத்தாக்கில் இது பெரிய விவசாயம், அந்த நாட்டு ஹேசல்நட் கிட்டத்தட்ட முழுவதும் அங்கேதான் விளைகிறது. வீட்டுத் தோட்டத்திலும் வேலிக்காக, அழகுக்காக வைக்கிறார்கள். பத்துப் பதினைந்து அடி வளரும் புதர், அடியிலிருந்து கிளைத்துக்கொண்டே இருக்கும், வேண்டாததை வெட்டிவிட்டால் மரம் மாதிரியும் நிற்கும், இலை உதிர்வதற்கு முன் மஞ்சளாகும். முறுக்கு பிழிந்த மாதிரி கிளையெல்லாம் சுருண்டு சுருண்டு வளரும் ஒரு ரகம்கூட இருக்கிறது, அதைக் காய்க்காக வைப்பதில்லை, பார்ப்பதற்காகவே வைக்கிறார்கள். அங்கேயும் இது நோகாமல் வரும் செடி இல்லையாம். கிளையைப் பட்டுப்போகச் செய்யும் ஒரு பூஞ்சை நோயால் பழைய தோட்டங்கள் எத்தனையோ அழிந்து, தாங்கும் ரகங்களைப் பல்கலைக்கழகத்தில் பல வருடம் உழைத்து உண்டாக்கியிருக்கிறார்கள். அணில் தொல்லை வேறு. அதைப் படித்தபோது மட்டும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல், எங்கள் கொய்யாவை ஒரு பிஞ்சு விடாமல் கடித்துப்போடும் சாதி அங்கேயும் இருக்கிறது.

ஏப்ரலில், நோன்பு நேரம், இலை ஓரம் கருக ஆரம்பித்தது. தீயில் வாட்டிய மாதிரி ஓரத்திலிருந்து உள்ளே உள்ளே. சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், பச்சை வலை கட்டினேன், மேற்குப் பக்கம் தென்னங்கீற்று மறைத்தேன். கத்திரி வெயிலில் பாதி இலை கொட்டியது. ஆனி, ஆடியில் சோளகக் காற்று மணலை வாரி அடிக்க ஆரம்பித்ததும் மீதியும் போய், அடியில் இரண்டு சின்னத் துளிர் மட்டும் மிச்சம். அதை ஐப்பசி மழைவரை இழுத்துக்கொண்டு வந்தேன் என்றால் அது என் பிடிவாதம், செடியின் கெட்டித்தனம் இல்லை. உம்மா தினமும் அந்தப் பக்கம் போகும்போது, "ஏம்மா, குளிர்ல பொறந்தத இந்த உப்புக்காத்துல நிக்க வச்சிருக்கியே, பாவமா இல்லையா ஒனக்கு" என்பார்கள். ஒரு மண் பரிசோதனையும் செய்தேன், கார அமில அளவு (pH) 8.3. ஹேசல்நட் கேட்பது 6-லிருந்து 7 வரை.

மண்ணையாவது மாற்றலாம், தண்ணீரைக் காசுக்கு வாங்கலாம், வெயிலை வலையால் தடுக்கலாம். குளிரை என்ன செய்ய? விஷயமே அதில்தான் இருக்கிறது, விற்பனைப் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. இந்தச் செடி குளிர்காலத்தில் உறங்கும். 0-லிருந்து 7 டிகிரிக்குள் மொத்தம் 800-லிருந்து 1,200 மணி நேரம் கிளையில் இருக்கும் மொட்டு குளிரை உணர்ந்தால்தான் அடுத்த பருவத்துக்கு ஒழுங்காக விழிக்கும். ரகத்துக்கு ரகம் கூடும் குறையும். நானும் கணக்குப் போட்டேன். 1,000 மணி நேரம் என்றால் 41 நாளுக்கு மேல், இரவு பகலாக, ஃப்ரிட்ஜுக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி. நம் கடற்கரையில் மார்கழி விடியற்காலையில் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே பெரியவர்கள் குல்லா போட்டுக்கொண்டுதான் பள்ளிவாசலுக்குப் போவார்கள். 7 டிகிரி என்பதை நாம் பார்ப்பது மீன் பெட்டியில்.

அந்த மீன் பெட்டிதான் அடுத்த கூத்து. விற்றவர்களின் வாடிக்கையாளர் சேவைக்கு டிசம்பரில் போன் போட்டேன். குளிர் வேண்டாமா இந்தச் செடிக்கு என்று கேட்டதற்கு, அந்தப் பக்கமிருந்த பையன் கொஞ்சமும் தயங்காமல், "வேர்ல தினமும் ஐஸ் கட்டி போடுங்க மேடம்" என்றான். நான் போட்டேன்! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஐஸ் கம்பெனியில் மீனுக்கு உடைக்கிற ஐஸை ஒரு வாரம் பையில் வாங்கிவந்து போட்டேன், அக்கம்பக்கத்துப் பூனையெல்லாம் செடியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு எதற்கோ காத்திருந்தன. குளிர் வேண்டியது மேலே மொட்டுக்கு, வேருக்கு இல்லை என்று பிறகுதான் படித்தேன். 2024 மார்ச்சில் நுனியில் ஒரே ஒரு மொட்டு அரைகுறையாக விரிந்தது. வைகாசிக்குள் குச்சி உள்ளே காய்ந்து, கீறினால் பச்சையே இல்லை.

சரி, இரண்டாவது குச்சி? அது ஓகோவென்று வளர்ந்தது. கத்திரி வெயிலில் வாடவில்லை, சோளகத்தில் இலை கிழிந்தும் மறுபடி விட்டது, ஒரு வருடத்தில் என் தோளுக்கு மேல். ஒன்று சாக ஒன்று இப்படி வளர்கிறதே, இது உப்பைத் தாங்கும் ரகம் போல என்று நினைத்துக்கொண்டேன். இலையும் சுமாராக அதே மாதிரி, ஓரம் ரம்பம். ஆனால் கொஞ்சம் வழுவழுப்பு, சில இலை மட்டும் கை விரித்த மாதிரி பிளந்திருக்கும். போட்டோ அனுப்பிக் கேட்டதற்கு, "அது ஜோடி ரகம் மேடம், இலை மாறித்தான் இருக்கும்" என்று பதில் வந்தது. நம்பினேன். எல்லாவற்றையும் நம்பியிருக்கிறேன், இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

ஒரு நாள் தேனிப் பக்கத்திலிருந்து வேனில் காய்கறி கொண்டுவருகிறவர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தாயி, இங்க பட்டுப்பூச்சி வளக்குறீகளா?" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே ஒரு இலையைக் கிள்ளிக் காட்டினார், காம்பில் பால் வடிந்தது. ஹேசல்நட்டில் பால் வராது. "இது முசுக்கொட்டைல்ல, எங்க ஊர்ல ஏக்கர் கணக்குல போட்ருக்காக" என்றார். மல்பெரி. நான் கொட்டை கேட்டேன், அவர்கள் முசுக்கொட்டை கொடுத்துவிட்டார்கள். பெயரிலாவது கொட்டை இருக்கிறதே என்று உம்மா சிரித்த சிரிப்பு அடுத்த தெரு வரை கேட்டிருக்கும். ஆக, முதல் கன்று பிழைத்துப் பூத்தே இருந்தாலும் அதற்கு ஜோடி கிடையாது, காய் பிடித்திருக்க வழியே இல்லை. இதுதான் எனக்கு ஆறாத கோபம். ஊருக்கு ஒவ்வாத செடியை விற்றதை அறியாமை என்று விட்டுவிடலாம். குச்சியாக இருந்தால் யாருக்குத் தெரியும் என்று வேறு செடியைக் கட்டி அனுப்பியதை எந்தக் கணக்கில் எழுத? அவர்களே தெரியாமல் கலந்துவிட்டார்கள் என்றால் அதுவும் ஒரு நர்சரிக்குப் பெருமையில்லை.

புகார் கொடுத்தேன். மாற்றித் தருவது பொருள் வந்த 7 நாளுக்குள் மட்டுமாம். ஏழு நாளில் அந்தக் குச்சி இலையே விடவில்லை என்றேன். கொள்கை அப்படித்தான் மேடம் என்றார்கள். அடுத்த ஆர்டருக்கு 10 சதவீதம் தள்ளுபடிக் கூப்பன் ஒன்று வந்தது, பயன்படுத்தவில்லை. நான் எழுதிய விமர்சனம் அந்தத் தளத்தில் இன்னும் 'பரிசீலனையில்' இருக்கிறது.

உடனே ஒருத்தர் வந்து, வெளிநாட்டுச் செடியை வைத்தால் இப்படித்தான் ஆகும், நம்ம மண்ணுக்கு நம்ம செடி என்று ஆரம்பிப்பார். நான் அதைச் சொல்ல வரவில்லை. நம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, மிளகாயே கடல் தாண்டி வந்த செடிதான். முந்திரி பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர்கள் கொண்டுவந்தது, கடற்கரை மணலில் என்னமாய் நிற்கிறது. சீமைக்கருவேலத்தைப் பற்றி இந்த மாவட்டத்துக்காரருக்கு நான் சொல்லவே வேண்டாம், பெயரிலேயே சீமை. இவையெல்லாம் வெப்பமும் வறட்சியும் பழகிய ஊர்களிலிருந்து வந்தவை, அதனால் ஒட்டிக்கொண்டன. ஹேசல்நட் இந்தியாவிலேயே விளையாத செடியும் இல்லை. இமாச்சலத்தில் சம்பா மாவட்டத்துப் பாங்கிப் பள்ளத்தாக்கில் காட்டிலேயே ஒரு வகை ஹேசல்நட் மரம் இருக்கிறது, தாங்கி என்பார்கள், அங்கத்து மக்கள் பொறுக்கிவந்து விற்கிறார்கள். அங்கே பனி விழுகிறது, செடி உறங்குகிறது, காய்க்கிறது. குளிர் நாட்டில் உங்கள் பிள்ளைகள் வீடு வாங்கியிருந்தால் தாராளமாக அங்கே நடச் சொல்லுங்கள், இரண்டு ரகமாக, பத்துப் பதினைந்தடி இடம் விட்டு, தண்ணீர் தேங்காத இடத்தில். மூன்றிலிருந்து ஐந்து வருடத்தில் காய் பார்க்கலாம்.

எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். கன்று விற்கிறவர்கள் பணம் வாங்குவதற்கு முன்னால் பின்கோடு கேட்கிறார்களே, கூரியருக்காக. அதே பின்கோடை ஒரு தடவை செடிக்காகவும் பார்த்தால் என்ன? 623-ல் ஆரம்பித்தால் 'உங்கள் ஊரில் இது வராது' என்று ஒரு வரி காட்டுவது அவ்வளவு கஷ்டமா? கைக்காசு போனதுகூடப் பரவாயில்லை, அரைக் குடம் அரைக் குடமாக நான் ஊற்றிய நல்ல தண்ணீரைக் கணக்குப் பார்த்தால் செடி விலையைத் தாண்டிவிடுகிறது.

நட்சத்திரம் போட்டே ஆக வேண்டும் என்றால் பேக்கிங் செய்த கைகளுக்கு ஐந்து, விற்ற வாய்க்கு ஒன்று, அதுவும் பூஜ்யம் போட அந்தத் தளத்தில் வழியில்லாததால். செடிக்கு நான் மார்க் போடப்போவதில்லை, அது வரமாட்டேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தது.

ஹேசல்நட் நின்ற குழியில் இப்போது ஒரு நாட்டு வாதாங்கன்று வைத்திருக்கிறேன், கடற்கரைத் தெருவில் மரத்தடியில் தானாக முளைத்ததைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. காசில்லை, உப்புக்காற்றுக்கும் அசையவில்லை. பருப்பு சிறிசுதான், கல்லால் உடைத்து எடுப்பதற்குள் விரலும் ஒரு தடவை நசுங்கும், ஆனாலும் நாங்கள் சின்ன வயதில் தின்றது அதைத்தான். மகனுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. அவன் கட்சி முசுக்கொட்டைக் கட்சி, பழுக்கும் நாளில் பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் கருஞ்சிவப்புக் கறை, எந்தச் சோப்புக்கும் போவதில்லை. வீட்டுக்காரர் போன தடவை வந்தபோது ஓட்டோடு ஒரு கிலோ ஹேசல்நட் வாங்கிவந்தார், பாக்குவெட்டியில் வைத்து உடைத்தோம், அரை மணி நேரத்தில் தீர்ந்தது.

முசுக்கொட்டை கிளையை ஒடித்து நட்டாலே வேர் விடுகிறது. வாடை தொடங்கியதும் பத்துப் பதினைந்து குச்சி பையில் போட்டு வைக்கலாம் என்றிருக்கிறேன். எங்கள் தெருப் பக்கம் வருகிறவர்கள் யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம், காசு வேண்டாம். பையில் என்ன செடி என்று பெயர் மட்டும் சரியாக எழுதியிருக்கும்.